சாம்பிராணி என்று சொன்னேன்

முதலே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். மறதியும் கூடிப்போச்சு. முன்னுக்குப் பின்னாக வந்தால் குறை நினைக்க வேண்டாம். இதை வாயால் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆட்களுக்கு முன்னால் கதைக்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனபடியால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வாவிக்கரையில் இருக்கிறது. என் புருஷன் தோணியில் போய் வலை போட்டவர். அவர் இருந்த காலத்திலும், அவர் காலமாகிப் போன பிறகும் நான் கூனி காயவைத்து விற்றுத்தான் சீவித்தேன். கூனி என்றால் நகக்கண் அளவு பொடி இறால். அதை அலசிப் பாயில் பரப்பி, வெயில் ஏற ஏறக் கிளறிக்கொடுக்க வேண்டும். காய்ந்ததைச் சாக்கில் கட்டி, மழைக்கும் நாய்க்கும் பயந்து வீட்டின் பெரிய அறைக்குள் வைப்பேன். வேறு இடம் இல்லை. முப்பது வருசம் அப்படி வைத்தேன். சம்பலில் போட்டால் அது வாசம். சுவரில் ஊறினால் அதற்கு வேறு பெயர்.

அந்த மணம் என் சீலையிலும் இருக்கும், தலைமயிரிலும் இருக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய் வேறு சீற்றில் இருந்தது. அன்றிலிருந்து நான் பஸ்ஸில் கடைசி சீற்றுக்குத்தான் போவேன்.

எனக்கு ஒரே மகள். முப்பத்து மூன்று வயது. சங்கக் கடையில் வேலை செய்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு. வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எப்போதும் கைப்பைக்குள் இருக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் நல்லாய்ச் சுற்றிப் பார்ப்பார்கள். இரண்டு வருசத்துக்கு முன்னம் வந்த ஒரு பகுதியார் பெரிய அறை வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் கூட முழுதாகக் குடிக்காமல் போனார்கள். திரும்பிச் சேதி வரவில்லை. என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானே முடிவெடுத்துக்கொண்டேன், இந்த மணம்தான் என்று.

மறுகா, அதற்குப் பிறகு, கிரான் என்கிற ஊரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வயல்காரக் குடும்பம். மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது, அமைதியான ஆள் என்று தரகர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தாயும் மாமனும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மகள் அன்று சோறு தின்று கொண்டிருந்தவள் சொன்னாள், "அம்மா, இந்த முறை ஒண்டும் பூசி மெழுக வேணாம். வாறவங்க மணத்தோடயே பார்க்கட்டும். இஞ்ச வந்து இரிக்கப் போறவர் ஆயுசு முழுக்க மூக்கப் பொத்திக்கொண்டா இரிப்பார்?"

"ஓம் மகள்" என்றேன்.

"என்ட இழுப்பையும் தரகரிட்டச் சொல்லிருங்க."

அதற்கும் ஓம் என்றேன். சொல்லவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்து வளவுக்காரரின் வான் வண்டியில் ஒரு நேர்த்திக்காகக் கோயிலுக்குப் போனேன். அவர் கிழமை நாட்களில் அந்த வானில் மீன் பெட்டி ஏற்றுவார், சனி ஞாயிறில் கோயிலுக்கு ஆட்களை ஏற்றுவார். நான் உள்ளே ஏறியதும் மூக்கை விரித்துப் பார்த்தேன். மீன் ஏற்றின வான் என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. அவருடைய பெண்சாதி என் பக்கத்தில் இருந்தாள். வாய்க்காரி. என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மச்சாள், நாய் மாதிரி மோந்து பார்க்கிறா?"

"மீன் மணம் எங்க போச்சி?"

"அதையா கேக்கிறா? வான் கழுவிற கடையில ஒரு மெசின் இரிக்கி. உள்ளுக்க வெச்சி எல்லாத்தையும் சாத்திட்டா, மணத்த அது திண்டு போடும். ஓசோன் மெசின் எண்டு சொல்றாங்க. என்ட புருஷனையும் ஒருநாள் உள்ளுக்க வெச்சிச் சாத்தோணும்."

முன்னால் வான் ஓட்டிக்கொண்டிருந்தவர், "நான் அதுக்குள்ள போனா மெசின் பழுதாப் போயிரும்" என்றார். வானில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மனம் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது.

ஓசோன் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் ஒரு படம் கீறினாள். உலக உருண்டை, அதன் மேல் நீலக் குடை, குடைக்கு மேலே சூரியன். குடையில் ஒரு இடத்தில் கிழிசல். இதென்ன மகள் என்று கேட்டதற்கு, இதுதான் ஓசோன், இது இல்லாவிட்டால் வெயில் எங்கள் தோலை எரித்துப் போடும், கண்ணும் போய்விடும், மனிசர் செய்த ஏதோ வாயுக்களால் இது கிழிந்து போச்சு, இப்போது திருத்தப் பார்க்கிறார்கள் என்றாள். வெயிலில் நின்று உழைக்கிறவள் நான். வெயில் இல்லாவிட்டால் என் கூனி புழுத்துப்போகும். அந்த வெயிலும் மேலே ஒரு சல்லடை அரிதட்டில் அரித்துத்தான் எனக்கு வருகிறதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஓசோன் என்றால் நல்ல சாமான், கூட இருந்தால் கூட நல்லது என்று என் மண்டையில் பதிந்துவிட்டது.

வானுக்காரரிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மகள் வேலைக்குப் போன பிறகு அந்த மெசினைச் சாக்கால் சுற்றிக் கொண்டுவந்தார். பிஸ்கட் தகரத்தின் அளவு, ஒரு பக்கத்தில் காற்றாடி, மேலே திருகுகிற குமிழ்.

"அக்கா, வடிவாக் கேளுங்க. இந்தப் பக்கம் திருகினா ஒரு மணித்தியாலத்தில தானா நிக்கும். மற்றப் பக்கம் திருகினா நிக்காது, நாமதான் நிப்பாட்டோணும். அந்தப் பக்கம் திருகவே வேணாம். இது ஓடக்குள்ள உள்ளுக்க ஒரு சீவனும் இரிக்கப்படாது. நிண்டதும் மூச்ச அடக்கிக்கொண்டு போய் யன்னல் கதவெல்லாம் திறந்து விடுங்க. மறுகா ஒரு மணித்தியாலமாவது காத்துப் போகட்டும்."

எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாக்கை எல்லாம் பின் கொட்டிலுக்கு இழுத்துப் போட்டேன். பெரிய அறையில் அலுமாரிக்குப் பின்னால் மெசினை வைத்து ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். நின்ற பிறகு கதவை நீக்கிப் பார்த்தேன். ஒரு விறுவிறுத்த மணம், பெரிய இடி இடித்து மழை வருமுன் வருமே, அது மாதிரி. கூனி மணம் குறைந்துதான் இருந்தது. என்றாலும் மூலையில் கொஞ்சம் இருப்பது போல எனக்குப் பட்டது.

யன்னலைத் திறந்தால் முற்றத்து மணம் திரும்ப உள்ளே வருமே என்று நினைத்தேன். வீட்டில் சாம்பிராணி காட்டினால் நாங்கள் கதவைச் சாத்தித்தான் வைப்போம், புகை நல்லாய்ப் பிடிக்கட்டும் என்று. மகள் கைக்குழந்தையாய் இருக்கும்போது முழுக வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, அந்த அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக் கிடத்தினவள் நான். அதே நினைப்பு. இதுவும் நல்ல சாமான்தானே, கிடந்து ஊறட்டும். யன்னலைத் திறக்கவில்லை. குமிழை இன்னொரு தரம் திருகிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கிணற்றடிக்குப் போய்ப் பாய் கழுவினேன்.

மகள் மாலையில்தான் வருவாள் என்று இருந்தேன். வீடு துப்புரவாக்க எனக்கு உதவி செய்ய அரை நாள் லீவு போட்டு இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். நான் கிணற்றடியில் இருந்தேன், காணவில்லை. அவள் உடுப்பு அந்த அறை அலுமாரிக்குள்தான் இருக்கிறது. போயிருக்கிறாள், தலையிடிக்கிறதென்று சீலை மாற்றாமலே கட்டிலில் சரிந்திருக்கிறாள். காற்றாடிச் சத்தத்தை மேலே சுழல்கிற ஃபானின் சத்தம் என்று நினைத்தாளாம்.

இருமல் கேட்டுத்தான் ஓடினேன். அறை வாசலில் முழங்காலில் இருந்தாள். நெஞ்சு ஏறி ஏறி விழுந்தது. பம்பை இரண்டு தரம், மூன்று தரம் அடித்தும் கேட்கவில்லை. உதடு நிறம் மாறிப் போச்சு. நான் கத்தின சத்தத்துக்குப் பக்கத்து வளவுக்காரி வேலிக் கடப்பால் வந்தாள். அவள்தான் றோட்டில் போன ஓட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு முகத்தில் மூடி போட்டுப் புகை மருந்து கொடுத்தார்கள். நான் கட்டில் கால்மாட்டில் நின்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவருக்குத் துணையாக ஒரு பொம்பிளை இருந்தாள். அழாதீங்க அம்மா என்று எனக்குச் சோடாப் போத்தல் ஒன்றை நீட்டினாள். எந்த ஊர் என்று கேட்டேன். கிரான் என்றாள். கிரானில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். இவள் வாயில் ஒரு சொல் விழுந்தால் இன்றைக்கே அது மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும்.

அந்த நேரம் என் ஃபோன் அடித்தது. பக்கத்து வளவுக்காரி. மெசின் கதை புருஷன் சொல்லி அவளுக்குத் தெரியும்.

"மச்சாள், புள்ளைக்கு எப்படி?"

"கொஞ்சம் பரவாயில்ல."

"நீ ஒண்டுக்கும் யோசிக்காத. ஞாயிற்றுக்கிழமை வாறாக்களுக்கு நான் வீட்டக் கூட்டித் துடைச்சி வெக்கன். பெரிய அறைக்குத் திரையும் போட்டு விடுறன். மெசின நிப்பாட்டிட்டியா? எல்லாம் முடிஞ்சா?"

கிரான் பொம்பிளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெசின் என்று என் வாய் சொன்னால் என்ன மெசின் என்று கேட்பாள்.

"ஓம் ஓம். எல்லாம் முடிஞ்சி" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் விளங்கியது. நான் எதையும் நிப்பாட்டவில்லை. இரண்டாம் தரம் குமிழை எந்தப் பக்கம் திருகினேன் என்று யோசித்தேன். தானாக நிற்கிற பக்கம் திருகினேனா, நிற்காத பக்கம் திருகினேனா, என்ன செய்தும் ஞாபகம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது. தானாக நின்றிருந்தால் பயமில்லை. நிற்காவிட்டால் அந்த யன்னல் சாத்தின அறைக்குள்தான் அவள் துடைப்பக்கட்டையோடு போகப் போகிறாள்.

திருப்பி எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும். நான் எடுக்கவில்லை. வெளியே போய்க் கதைக்கலாம் என்று நினைத்தேன், மகளை விட்டுப் போக மனமில்லை என்று எனக்கே ஒரு சாட்டுச் சொன்னேன். தானாக நின்றிருக்கும், நின்றிருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம்தான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அப்போது டொக்டர் வந்தா. இளம் பெண்பிள்ளை, எங்கள் மகளின் வயதுகூட இருக்காது.

"அம்மா, இவவுக்கு இந்தளவுக்கு வரக் காரணம் என்ன? வீட்டில பெயின்ற் அடிச்சீங்களா? நுளம்புச் சுருள் கொளுத்தினீங்களா? வேற ஏதும் புகை?"

"சாம்பிராணி" என்றேன். "வெள்ளிக்கிழமைதானே டொக்டர், சாம்பிராணி போட்டனாங்க."

அவ எழுதினா. கிரான் பொம்பிளை, "ஓம், சில பேருக்குச் சாம்பிராணியும் ஒத்துக்கொள்ளாது" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். அவளுடைய இரக்கம் என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

மகள் கண்ணைத் திறந்தாள். மூடியைக் கையால் கொஞ்சம் விலக்கினாள்.

"அம்மா, அது சாம்பிராணி இல்ல." மூச்சு வாங்கினாள். "ஃபோட்டோக்கொப்பிக் கடை மணம் மாதிரி. என்னம்மா வெச்சீங்க?"

டொக்டர் எழுதுவதை நிப்பாட்டி என்னைப் பார்த்தா. எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மகளின் வாயைப் பார்க்கத்தான் முடிந்தது. அந்த ஒரு கேள்விக்கு அவள் எவ்வளவு மூச்சைச் செலவழித்தாள் என்று கண்டேன்.

"ஓசோன் மெசின்" என்றேன். "கூனி மணம் போக வெச்சன். ஞாயிற்றுக்கிழமை புள்ளையப் பார்க்க வாறாங்க. யன்னல் திறக்கல்ல. மெசின் இப்பவும் ஓடுதோ தெரியாது டொக்டர். அங்க ஒரு ஆள் வீடு கூட்டிக்கொண்டு நிக்கிறா. நான் முடிஞ்சி எண்டு சொல்லிட்டன்."

"உடன ஃபோன் எடுங்க!" என்று டொக்டர் கத்தினா.

எடுத்தேன். அடித்தது, ஆள் இல்லை. திரும்ப எடுத்தேன். ஆள் இல்லை. கிரான் பொம்பிளை என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, "நம்பரச் சொல்லுங்க, நான் என்டதில இருந்தும் அடிக்கிறன்" என்றாள். இரண்டு ஃபோனிலும் அடித்தோம். ஐந்தாவதோ ஆறாவதோ தரம் எடுத்தாள். முதலில் இருமல்தான் கேட்டது.

"மச்சாள்... என்னகா செஞ்சி வெச்சிரிக்கா? மெசின் ஓடிக்கொண்டு கிடக்கு. கண்ணெல்லாம் எரியிது, தொண்டைக்குள்ள முள்ளுப் போட்ட மாதிரி. நிப்பாட்டி, யன்னலெல்லாம் திறந்துபோட்டு முற்றத்தில நிக்கிறன்."

அவளையும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

அன்று பொழுது சாயுமுன் அவளையும் கூட்டி வந்து காட்டினார்கள். பெரிசாக ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று நாளில் மாறும் என்றார்கள். மகளுக்கும் மூச்சு இறங்கியது. டொக்டர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டா. ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அது நல்லது எண்டுதானே புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாங்க டொக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே ஓசோன்தான் அம்மா. ஆனா அது நல்லது செய்றது வெகு உயரத்தில, மேகத்துக்கும் மேல. அங்க நிண்டு சூரியனிட கெட்ட கதிரில பெரும் பங்க மறிக்கும். இஞ்ச நாங்க மூச்சு எடுக்கிற இடத்தில இருந்தா அது நஞ்சு. பெரிய பட்டணங்களில வாகனப் புகையில வெயில் பட்டும் இது உண்டாகும், அங்கயும் இழுப்புக்காரருக்குத்தான் கஷ்டம். உங்கட சுவரில இருந்த மணத்த எரிச்ச மாதிரித்தான் நெஞ்சுக்குள்ளயும் எரிக்கும். அதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

எத்தனை மைல் உயரம் என்றும் சொன்னா. மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமையே மாப்பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரிக்கு வந்தா. கிரான் பொம்பிளை சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்காக ஃபோன் அடித்த கை அது. மாப்பிள்ளையின் தாய் மகளின் தலையைத் தடவினா, ஓரேஞ்சுப் பழம் வைத்தா. மறுகா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டா.

"அக்கா, கூனி மணம் எனக்கு ஒரு கதையில்ல. எங்கட வீட்டில நெல்லு அவிக்கிற நாளில வந்து பாருங்க. இழுப்பும் ஆருக்கும் வாறதுதான். எல்லாத்தையும் ஒளிச்சிப் போட்டீங்களே. நாளைக்கு என்ட புள்ள உங்கட வீட்டுக்க வந்து இரிக்கக்குள்ள, எத உண்மை எண்டு நம்புற?"

சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போனா. பிறகு சேதி வரவில்லை. இந்த முறை என்ன காரணம் என்று எனக்குத் தெரியும்.

மகள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்த அன்று, "நீங்க வெக்கப்பட்டது என்னையா அம்மா, உங்களையா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அந்த மணம் ஒருநாளும் வெட்கமாய் இருந்ததில்லையாம். அந்த மணத்தில்தான் அவள் படித்தாள் என்றாள். நான் அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் வெட்கத்தைத்தான் அவள் நெஞ்சுக்குள் ஊதிவிட்டேன்.

பக்கத்து வளவுக்காரி இப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மச்சாள், உன்ட ஓசோன் என்ட மூக்குக்க மூணு நாள் குடியிருந்திச்சி, வாடக தா" என்று பகிடி விடுவாள். அவள் பகிடி விடும்போது எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியாது. அந்த ஃபோனில் நான் சொன்ன பொய்யை அவள் மறந்த மாதிரி நடக்கிறாள். மறந்திருக்க மாட்டாள்.

மகளில் ஒரு மாற்றம்தான். எதைக் கேட்டு நான் பதில் சொன்னாலும், ஒரு கணம் நின்று, "உண்மையாவா?" என்று கேட்கிறாள். கறிக்கு உப்புப் போட்டாச்சா என்பாள். ஓம் என்பேன். "உண்மையாவா அம்மா?" குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தன்னை அறியாமல்தான் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு தரமும், உண்மையாகத்தான் மகள் என்று சொல்கிறேன். போன கிழமை அவள் கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்து எழும்பிப் போய்ச் சட்டியைத் திறந்து உப்புப் பார்த்தேன்.

இந்த மெசினை இப்போது வீடு வீடாகவும் கேட்டு வாங்குகிறார்களாம். அதுதான் இவ்வளவும் எழுதினேன். டொக்டர் சொன்னதை நான் சரியாக விளங்கினேனா தெரியாது. ஓசோன் எத்தனை மைல் உயரத்தில் இருக்கிறது, அறையை எவ்வளவு நேரம் திறந்து விட வேண்டும், இழுப்புக்காரர் இருக்கிற வீட்டில் அதை வைக்கலாமா, வைக்கவே கூடாதா என்று படித்த யாராவது ஒரு தரம் பார்த்துப் பிழையைத் திருத்திவிடுங்கள். என் சொல்லை மட்டும் நம்பி ஒருவரும் ஒன்றும் செய்துவிடக் கூடாது.